அம்மிக்கல்லின் மேல் ஒரு லேப்டாப்

எங்கள் பாவடித் தெருவில் வேலுத்தாய் மைக்கில் பேசினால் அந்தப் பேச்சு அரை வருஷம் கழித்துத்தான் வந்து சேரும். நேரில் பேசினால் உடனே கேட்கும், தெருமுனை வரைக்கும் கேட்கும், அந்தத் தொண்டை அப்படி. அவள் புருஷன் தவசிலிங்கம் வைத்திருந்த பழைய லேப்டாப்புக்குள் பேசினால்தான் இந்தத் தாமதம். ஐப்பசி மழையில் அவள் "மாம்பழம், மாம்பழம்" என்று கூவுவாள், அது சித்திரை வெயிலில் வெளியே வரும், மாம்பழ வண்டிக்காரர் அதை மெமரி கார்டில் வாங்கிக்கொண்டு போய்த் தன் ஸ்பீக்கரில் போட்டு வியாபாரம் பார்ப்பார். வெளியூர்க்காரர்களுக்கு இது அதிசயமாகத் தெரியலாம். குடிதண்ணீர்க் குழாய்க்கு மனுக் கொடுத்துவிட்டு பேரன் பிறக்கும்வரை காத்திருந்த தெரு எங்கள் தெரு, எங்களுக்கு அரை வருஷம் ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

நான் சீனியம்மா. தள்ளுவண்டியில் வெங்காயம், பூண்டு விற்கிறவள். என் வண்டியில் "சின்ன வெங்காயம் வாங்கலையோ, உரிச்சா கண்ணு கலங்காது, சமைச்சா ஊரே மணக்கும்" என்று ஒரு குரல் கேட்குமே, அது என் குரல் இல்லை, வேலுத்தாய் குரல். என் குரலைக் கேட்டால் வாங்க வந்தவர்களும் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்று அவளே என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். தவசிலிங்கத்தை நான் அண்ணே என்று கூப்பிடுவேன், அதனால் அவள் எனக்கு மதினி. மதினியும் நானும் சண்டை போடாத வாரம் கிடையாது, பேசாமல் இருந்த வாரமும் கிடையாது.

எங்கள் ஊரில் வண்டி வைத்து விற்கிற எல்லோரும் மதினி வீட்டில்தான் குரல் எடுத்தோம். உப்பு, கோலமாவு, பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாளி, ஜவுளிக்கடை தள்ளுபடி, கோயில் கொடை, எல்லாம் வேலுத்தாய் குரல்தான். ஸ்டுடியோ என்று பெயர்ப்பலகை வைத்திருந்தார்களே தவிர, உள்ளே போனால் ஒரு அறை, ஒரு அடுப்படி, ஆளுயர மர பீரோ ஒன்று, அவ்வளவுதான். தெரு முழுக்க விசைத்தறி ஓடுகிற ஊரில் சத்தம் இல்லாத இடத்துக்கு எங்கே போவது? அண்ணன் அந்த பீரோவின் தட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு, நாலு பக்கமும் மதினியின் சேலைகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கைக் கட்டிவிட்டார். மதினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். கல்யாணப் பட்டும் கண்டாங்கியும் சேர்ந்து தறிச் சத்தத்தைக் குடித்துவிடும்.

லேப்டாப் இருக்கிறதே, அது ஒரு நோயாளி. செகண்ட் ஹேண்டில் வந்தது, வரும்போதே மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. குரலும் பாட்டும் சேர்த்துப் போட்டால் திணறிப்போய் அப்படியே நின்றுவிடும், அதனால் மதினி உள்ளே பேசும்போதே அண்ணன் வெளியே நின்று பீரோக் கதவில் விரலால் தாளம் போடுவார், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். சூடு ஏறினால் அணைந்துபோகும் என்று அதை அடுப்படியில் கொண்டுபோய் அம்மிக்கல்லின் மேல் வைத்தார்கள், அம்மி எப்போதும் குளிர்ச்சியாக இருக்குமாம், அங்கிருந்து பீரோ வரைக்கும் வயர் ஓடும். அன்றையிலிருந்து மதினி மிக்ஸியில்தான் அரைத்தாள், குழம்பு ருசி போய்விட்டது என்று என்னிடம் புலம்புவாள். இடமும் பத்தாது அதில். ஒரு வண்டிக்காரருடைய குரலைக் கார்டில் ஏற்றிக் கொடுத்த கையோடு அழித்தால்தான் அடுத்த ஆளுக்கு இடம் கிடைக்கும்.

முதலில் தாமதம் ஒரு கண்ணிமைப்புதான் இருந்தது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசினால் தன் பேச்சு தனக்கே கொஞ்சம் பிந்திக் கேட்கும், பழைய மிஷின்களில் இது உண்டு என்று அண்ணன் சொன்னார். பிறகு அது ஒரு பெருமூச்சு அளவு ஆனது, பிறகு ஒரு டீ ஆறுகிற நேரம் ஆனது, காலையில் பேசினால் சாயங்காலம் வந்தது, தையில் பேசியது மாசியில் வந்தது, கடைசியில் அரை வருஷத்தில் போய் நின்று அதற்கு மேல் நகரவில்லை. வேறு மிஷின் வாங்க வசதி இல்லை. வியாபாரிகள் நாங்கள் எங்களை மாற்றிக்கொண்டோம். மாம்பழக்காரர் மழைக்காலத்தில் வந்து சொல்லிவிட்டுப் போனார், போர்வை விற்கிறவர் கத்திரி வெயிலில் வந்தார். தேர்தலுக்கு நின்ற ஒருத்தர் மட்டும் அவசரத்தில் வந்து பேசிவிட்டுப் போனார், அவர் தோற்று, வீட்டை விற்று, ஊரைவிட்டே போன பிறகு அவருடைய வாக்குறுதி வந்து சேர்ந்தது. நன்றாகத்தான் பேசியிருந்தார் பாவம்.

இதில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. மிஷினை அணைக்கக் கூடாது, அணைத்தால் வழியில் வந்துகொண்டிருக்கிற பேச்சு அத்தனையும் போச்சு. கரண்ட் போகிற ஊர் என்பதால் தெருவே சேர்ந்து ஒரு பேட்டரி வாங்கி வைத்தது. இரண்டாவது, பேச்சு வந்து சேரும்போதே பிடித்துக்கொள்ள வேண்டும், தப்பவிட்டால் திரும்ப வராது. மைக்கும் எந்நேரமும் திறந்தே கிடக்கும், மிஷினிலிருந்து வருகிற சத்தத்தைத் தவிர வீட்டுச் சத்தம் எல்லாம் அதில் போய் விழும். அதனால் அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்து பேசிய பேச்செல்லாம் அரை வருஷம் கழித்து அடுப்படியில் கணீரென்று கேட்கும். என் நாத்தனாரைப் பற்றி நான் பங்குனியில் சொன்னதைப் புரட்டாசியில் என் நாத்தனாரே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். ஐயோ, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருகிற பெண்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் பின்னால் வேண்டியிருக்கும். பேசி முடித்ததும் மதினி உடனே வெளியே வரமாட்டாள். "சத்தம் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல், வளையல் கூட அசையாமல் கொஞ்ச நேரம் நிற்பாள். ஆள் பேசாதபோது அந்த இடத்தில் என்ன இரைச்சல் இருக்கிறதோ அதைத் தனியாகப் பிடித்து, பேச்சிலிருந்து அதைக் கழித்துவிட்டால் பேச்சு சுத்தமாக இருக்குமாம். குரல் கொடுக்கப் போகிற எங்கள் எல்லோருக்கும் அது பழகிப்போனது. நானே ஒரு தடவை பீரோவுக்குள் சேலைகளுக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்புறம் பீரோக் கதவு கிரீச்சென்று திறக்கும். அந்தக் கிரீச் கேட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

லேப்டாப்புக்கு வயசாக ஆக, அதற்குள் இருக்கிற காற்றாடி பேய்க்கூச்சல் போட ஆரம்பித்தது. அம்மி குளிர்ச்சி பத்தவில்லை, ஈரத்துணி போட்டார்கள், மீன்காரம்மா மிச்ச ஐஸைக் கொண்டுவந்து ஒரு தட்டில் கீழே வைத்தாள், எதற்கும் அடங்கவில்லை. அந்த இரைச்சல் எல்லோருடைய வியாபாரக் குரலிலும் கலந்தது. அப்போதுதான் அண்ணன் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு ஏற்பாடு செய்தார். சத்தம் வெளியே வருகிற வாசலில் ஒரு வாட்ச்மேனை நிறுத்திவிட்டேன் என்றார். பெரிய சத்தம் வந்தால் அவன் கதவைத் திறப்பான், சின்ன சத்தம் வந்தால் இரைச்சல் என்று நினைத்து மூடிவிடுவான். மதினி குரலுக்கு அவன் எழுந்து நின்று கதவைத் திறந்தான். அவள் பேச்சை நிறுத்தினால் அடுப்படி அப்படியே ஊமையாகிவிடும், காற்றாடியும் கேட்காது தறியும் கேட்காது. நாங்கள் எல்லோரும் கெட்டிக்காரத்தனம் என்று மெச்சினோம்.

மார்கழியில் மதினிக்குத் தொண்டை கட்டியது. பனி என்று நினைத்தோம். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடியை அவள் இருமி இருமிப் பேசி முடித்தாள், அதுதான் அவள் கடைசியாக எடுத்த விளம்பரம். தை பிறந்ததும் மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். தொண்டைக்குள் கட்டி என்றார்கள், முற்றிப்போனது என்றார்கள், ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது, பேசினால் ரத்தம் வரும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஊருக்கெல்லாம் வாயாக இருந்தவளிடம் வாயை மூடு என்றால் அவள் என்ன செய்வாள்? நான் போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பாள், காற்றுதான் வரும். பாதி புரியும், பாதி புரியாமலே தலையாட்டுவேன்.

அண்ணன் மத்தியானம் கார்டுகளைக் கொடுக்கச் சைக்கிளில் போவார். திரும்பி வரும்போது அநேகமாகத் தினமும் அவள் படுக்கையில் இருக்கமாட்டாள், பீரோவுக்குள் நிற்பாள். பழைய விளம்பரங்களைச் சொல்லிப் பார்க்கிறாள், குரல் திரும்பிவிட்டதா என்று சோதிக்கிறாள் என்று அவர் நினைத்தார். வாசலிலிருந்தே பதறிப்போய்ச் சத்தம் போடுவார், "பேசாத வேலு, பேசாத!" என்று. கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைப்பார். அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் உள்ளங்கையால் அவள் வாயை மூடுவார். பிரியத்தில் மூடியதுதான். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் மேளம் தெருவில் போன அன்றைக்குச் சாயங்காலம் மதினிக்கு மூச்சு முட்டியது. ஆட்டோவில் நான்தான் மடியில் தாங்கிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாயைப் போட்டார்கள். குழாய் போட்டபடியே இரண்டு நாள் கிடந்து, அண்ணனையே பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

காரியம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட மறுநாள், அடுப்படியிலிருந்து "மாம்பழம், மாம்பழம், சேலத்து மாம்பழம், அக்கா வாங்க, முகர்ந்து பார்த்து எடுங்க" என்று வேலுத்தாய் கூவினாள். ஐப்பசியில் கூவியது. மாம்பழக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். தெருவே வந்து நின்றது. யாரும் பயப்படவில்லை, இது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, கேட்பது வேறு. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாசமும் அவள் தினம் பேசினாள். செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வருகிறவர்கள் செத்தவளிடமே கோலமாவு விலையைக் கேட்டுக்கொண்டு போனார்கள். நானும் அவளும் கார்த்திகையில் போட்ட சண்டை ஒரு நாள் வந்தது. எடைக்கல்லை ஏமாற்றுகிறாய் என்று அவள் கத்துகிறாள், உன் வாயைத் தைக்க என்று நான் கத்துகிறேன். அதைக் கேட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. அண்ணன் தன்னிடம் இருந்த பாட்டு, படம், பழைய வேலை எல்லாவற்றையும் அழித்து மிஷினில் இடம் பண்ணி, அவள் தும்மியதைக்கூடச் சேர்த்துவைத்தார்.

ஆனால் அவர் காத்திருந்தது வேறு ஒன்றுக்கு. அம்மிக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பேச்சு வரவர அவர் முகம் எதிர்பார்க்கும், முடிந்ததும் வாடும்.

"உப்புக்காரருக்கு ஒரு வார்த்த வந்துருச்சு, ஜவுளிக்கடைக்கு வந்துருச்சு, ஒனக்கு வந்துருச்சு தாயி," என்றார் என்னிடம். "எனக்குன்னு ஒரு வார்த்த வரலையே. போறேன்னு எங்கிட்ட ஒண்ணும் சொல்லாமயா போயிருப்பா?"

"வரும்ணே," என்றேன்.

ஆனிக் கடைசியில் ஆடித் தள்ளுபடி இருமலோடு வந்தது. அதோடு சரி. ஆடி பிறந்தது, அடுப்படி ஊமையாகிவிட்டது. தையில் பேசினால்தானே ஆடியில் வருவதற்கு. தெருக்காரர்கள் கொஞ்ச நாள் வந்து பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். நோயாளி வீடு என்று தையிலிருந்து யாரும் அங்கே சத்தமாகப் பேசியதில்லை, தினம் ஒரே ஒரு சத்தம் மட்டும் மத்தியானத்தில் வரும். "பேசாத வேலு, பேசாத!" அண்ணனுடைய குரல்தான், வாசலிலிருந்து அன்றைக்குப் போட்ட சத்தம். அந்த ஊமை வீட்டில் அது திடீரென்று அறைகிற மாதிரி கேட்கும். கேட்டதும் அண்ணன் தலையைக் குனிந்துகொள்வார். மிஷினுக்கே அவரைப் பிடிக்கவில்லை, அதனால்தான் அவர் குரலை எடுத்து அவரையே அதட்டுகிறது என்று பக்கத்து வீட்டுத் தறிக்காரர் சொன்னார். அதையும் நாங்கள் நம்பினோம். மிஷினை அணைத்து அதற்கும் ஒரு ஓய்வு கொடுங்கள் என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அண்ணன் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த வாசல் வழியாகப் போகிறேன், உள்ளேயிருந்து மேளம் கேட்கிறது. உறுமியும் தவிலுமாக வீடே அதிர்கிறது. எந்தக் கோயிலிலும் விசேஷம் இல்லாத நாள். இது பங்குனிப் பொங்கல் மேளம். மதினியை நான் மடியில் தாங்கிக்கொண்டு போன நாள் வந்துகொண்டிருக்கிறது. இன்றையோடு முடிந்தது, நாளையிலிருந்து வரப்போவது ஆளில்லாத வீட்டின் சத்தம் மட்டும்தான். வண்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அண்ணன் அம்மிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேளம் தெருமுனை தாண்டிப் போனது, தேய்ந்தது, சட்டென்று அறுந்தது. வாட்ச்மேன் கதவை மூடிவிட்டான்.

"முடிஞ்சு போச்சு தாயி," என்றார். "இனி என் கத்தல் ஒண்ணுதான் பாக்கி. அவ ஒண்ணுமே சொல்லல. ஊருக்கெல்லாம் பேசுனவ எனக்கு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டா."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஆத்திரம் வந்ததோ. செத்துப்போனவளைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது, அவளைக் குறை சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை. "என்னண்ணே பேசுறீக? ஆடியில இருந்து தெனமும் கேக்கேன், பேசாத பேசாதன்னு நீங்க கத்துறத. வாய மூடிட்டு நிக்கிறவளப் பாத்து எவனாவது பேசாதன்னு கத்துவானா? அவ பேசிட்டு இருந்ததாலதானே கத்துனீக? அப்ப அவ பேசுனது எங்க? நீங்க கத்துனது மட்டும் எப்படி வருது?"

அவர் என்னைப் பார்த்தார். முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு அந்த முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் இன்னொரு தடவை பார்க்கக் கூடாது சாமி.

"வாட்ச்மேன்," என்றார். "தாயி, அவ கொரலு காத்தாப் போயிருந்துச்சு. இரைச்சல்னு நெனச்சு அவன் மூடிட்டான். நாந்தானே அவன நிறுத்துனேன்."

லேப்டாப்பில் அந்த வாட்ச்மேனை எடுத்துவிடப் பார்த்தார். ஒரு தடவை தப்பாக அழுத்தினார், மறு தடவை அழுத்தினார். அடுப்படிக்குள் ஹோவென்று காற்றாடி இரைச்சல் வந்து விழுந்தது, தறிச் சத்தம் வந்தது, எங்கேயோ தூரத்தில் தேய்ந்துபோன மேளம் வந்தது. அத்தனைக்கும் அடியில், மைக்கில் உதட்டை ஒட்டவைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, ஒரு காற்று வந்தது. அது வேலுத்தாய். ஆடியிலிருந்து அவள் இப்படித்தான் தினம் வந்துகொண்டிருந்திருக்கிறாள், நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்து வீடு ஊமையாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"...அதையும் சொல்லிட்டேன்," என்றாள். நிறுத்தினாள், எச்சில் விழுங்கினாள். "தெனம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் சொல்லி முடிச்சாச்சுங்க. நேர்ல சொல்ல வந்தா வாயப் பொத்திருறீக. ஒங்க மேல தப்பில்ல, டாக்டர் சொன்னதத்தான் செய்றீக. அதான் இதுக்குள்ள சொல்லி வச்சேன். இது என் வாயப் பொத்தாதுல்ல."

அண்ணன் அம்மிக்கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கேக்குறப்ப நான் இருக்கமாட்டேன். அழாமக் கேளுங்க. மொத நாள் சொன்னேன் பாருங்க, அத மட்டும் மறந்துறாதீக. மத்ததெல்லாம் விட்டாலும் அத மட்டும் எனக்காகச் செய்யணும். செய்வீகன்னு தெரியும். எனக்கு மனசு லேசாயிருச்சுங்க." இருமினாள். அப்புறம் வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னாள். "சரி, சத்தம் எடுத்துக்கோங்க."

பேச்சு நின்றது. அவள் அசையாமல் நிற்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். காற்றாடி இரைந்தது, தறி ஓடியது, அவள் மூச்சு போய் வந்தது. நானும் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பீரோக் கதவு கிரீச்சென்றது. வளையல் சத்தம் இரண்டடி நகர்ந்தது. வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம்.

"பேசாத வேலு, பேசாத!"

அதோடு முடிந்தது.

அண்ணன் அழவில்லை. அழாமல் கேளுங்கள் என்று சொன்னாளே, அதனால் அழவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, "மொத நாள் என்ன தாயி சொல்லியிருப்பா?" என்றார்.

எனக்கு என்ன தெரியும்? என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உதட்டை அசைத்த நாட்களில் அதைத்தான் சொன்னாளோ என்னவோ, நான் தலையாட்டிவிட்டு வந்தேன். "தெரியலண்ணே" என்றேன். அவர் மெல்ல எழுந்தார். பீரோவைத் திறந்து உள்ளே போனார், சேலைகளை விலக்கிக்கொண்டு நின்றார், கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் ஏதோ சொன்னது வெளியே சரியாகக் கேட்கவில்லை. பீரோ அப்படி, எல்லாவற்றையும் குடித்துவிடும். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வண்டியில் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டே இருந்தது, உரிச்சா கண்ணு கலங்காது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு வழக்கம் வந்தது. மதினி கடைசி மாசங்களில் யார் யாரைப் பார்த்தாளோ, அவரவர் வந்து அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லியிருக்கக்கூடியதை அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வேளைக்குச் சாப்பிடச் சொல்லியிருப்பாள் என்றார் உப்புக்காரர். கல்யாணப் பட்டை யாருக்காவது கொடுக்கச் சொல்லியிருப்பாள் என்றாள் மீன்காரம்மா. சமயபுரத்துக்கு நேர்ந்திருப்பாள் என்றாள் என் நாத்தனார். அண்ணன் எல்லாவற்றையும் செய்தார். வேளைக்குச் சாப்பிட்டார், பட்டைக் கொடுத்தார், சமயபுரம் போய் மொட்டை போட்டு வந்தார். எது அந்த ஒன்று என்று தெரியாததால் ஒன்றையும் விடவில்லை. வாட்ச்மேனை மட்டும் மறுபடி நிறுத்தவில்லை. மதினி போன பிறகு நாங்களே பேசி எடுக்கிற வண்டிக் குரலிலெல்லாம் காற்றாடி இரைச்சல் கலந்துதான் வருகிறது, யாரும் குறை சொல்வதில்லை.

பங்குனி வந்தது. பொங்கல் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அந்த அடுப்படியிலும் வாசலிலும் நின்றோம், அன்றைக்கு அவர் பீரோவுக்குள் சொன்னது வரப்போகிறது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அண்ணன் மொட்டைத் தலையோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். முதலில் அம்மிப் பக்கமிருந்து என் கத்தல் வந்தது, எவனாவது கத்துவானா என்று. பிறகு பீரோ கிரீச்சென்று திறந்து, மூடியது. பிறகு அவர் குரல், மைக்குக்கு வெகு பக்கத்தில் வந்தது.

"பேசு வேலு. மொதல்ல இருந்து சொல்லு. நான் பொத்தமாட்டேன்."

அதற்கு மேல் பேச்சில்லை. காற்றாடி இரைந்தது, தறி ஓடியது, அவர் மூச்சு போய் வந்தது. அவர் பதிலுக்கு நிற்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. நாங்களும் அசையாமல் நின்றோம். வெளியே நிஜமான பொங்கல் மேளம் தெருமுனையில் ஏறியது, வாசலைத் தாண்டிப் போனது, கோயில் வரைக்கும் போய்ச் சுற்றித் திரும்பி வந்தது. பீரோக் கதவு திறக்கிற சத்தம் இன்னும் வரவில்லை.